வாசகர் கேள்வி-பதில்: படத்தை விடுங்க, பேரைப் பாருங்க

கே: வெள்ளம் வந்த மறுநாளே வாட்ஸ்அப் குரூப்ல அழுற குழந்தை போட்டோ, கீழ ஒரு க்யூஆர் கோடு, உடனே உதவுங்கன்னு ஃபார்வர்டு வந்துடுது. போட்டோவைப் பாத்தே டூப்பான்னு கண்டுபிடிக்க முடியுமா?

ப: முடியாதுங்க, அந்த முயற்சியே வேணாம். 2023 பிப்ரவரில துருக்கி, சிரியால நிலநடுக்கம் வந்தப்போ, ஒரு தீயணைப்பு வீரர் இடிபாட்டுக்கு நடுவுல குழந்தையைத் தூக்கி வெச்சிருக்கற படம் ட்விட்டர்ல ஓடுச்சு, கூடவே கிரிப்டோங்கற டிஜிட்டல் காசு அனுப்ப வாலட் அட்ரஸ். அது ஏஐ போட்ட படம், அந்த வீரரோட வலது கையில ஆறு விரல்! மனசு கலங்கி நிக்கிற நேரத்துல யாரு விரலை எண்ணுவா? இப்போ வர்ற ஏஐ படங்கள்ல பெரும்பாலும் அஞ்சு விரல் சரியாவே இருக்கு, அந்த வழியும் போச்சு. நிஜ போட்டோவாவே இருந்தாலும் அதுக்குக் கீழ ஏமாத்துறவன் தன்னோட க்யூஆர் கோடை ஒட்ட எவ்ளோ நேரம் ஆகப்போகுது.

அதனால காசு போற இடத்தைப் பாருங்க. ஸ்கேன் பண்ணினா பெரும்பாலான ஆப்ல வாங்கறவர் பேர் காட்டும், நாமதான் அதைக் கவனிக்காம நேரா தொகையைத் தட்டுறோம். போஸ்டர்ல நிவாரண நிதின்னு கொட்டை எழுத்துல இருக்கு, ஸ்க்ரீன்ல யாரோ தனி ஆளு பேரு வருதுன்னா அங்கயே நிறுத்திடுங்க, "அது எங்க பொருளாளர் அக்கவுண்ட்தான்"னு விளக்கம் குடுத்தாலும் சரி. கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரை அனுப்பச் சொன்னா பேச்சே வேணாம், பிளாக்.

கே: தெரிஞ்ச அமைப்போட பேர்லயே லிங்க் வருது, பிரவுசர்ல முகவரி பக்கத்துல பூட்டு படம்கூட இருக்கு. நம்பலாமா?

ப: பூட்டு இருந்தா நீங்க அனுப்பறதை நடுவுல யாரும் படிக்க முடியாதுன்னுதான் அர்த்தம், அந்தப் பக்கம் இருக்கறவன் யோக்கியன்னு இல்ல. முகவரி முடிவுல டாட் ஆர்க் (.org) இருக்கறதும் அப்படித்தான், காசு குடுத்தா யார் வேணா வாங்கலாம். 2005ல கத்ரீனா புயல் வந்தப்பவே நன்கொடை கேட்டு போலி சைட்டுங்க முளைச்சுது, ஒண்ணும் புது வித்தை இல்ல. லிங்க்கைத் தொடாம அமைப்போட முகவரியை நீங்களே டைப் பண்ணிப் போங்க. சந்தேகமா இருந்தா ஹூஇஸ்னு தேடற வசதி இருக்கு, டொமைன், அதாவது அந்த சைட்டோட பேர், எந்தத் தேதில பதிவாச்சுன்னு சொல்லிடும். புயல் அடிச்ச மறுநாள் பொறந்த சைட், பல வருஷமா சேவை பண்றோம்னு எழுதியிருந்தா என்னத்த சொல்ல.

கே: அனுப்பிட்டேன். இப்போ?

ப: மொதல்ல பேங்க்குக்கு போன் போடுங்க, கார்டுல குடுத்திருந்தா ஆட்சேபம் பதிவு பண்ண வழி இருக்கு, கிரிப்டோன்னா திரும்பக் கிடைக்கறது ரொம்ப கஷ்டம். கோவத்துல வந்த மெசேஜை எல்லாம் அழிச்சுடாதீங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சு சைபர் போலீஸ்ல புகார் குடுங்க. அப்புறம் சில நாள்ல ஒருத்தர் பேசுவாரு, உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், சின்னதா ஒரு ஃபீஸ் மட்டும் கட்டுங்கன்னு. ஏமாந்தவங்க லிஸ்ட் கை மாறிப் போய்தான் பெரும்பாலும் அந்த போன் கால் வருது, எடுக்காதீங்க.