ஆர்டர் எங்கே போனது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில், வாடிக்கையாளர்களின் பங்கு ஆர்டர்களை எங்கே அனுப்பினோம், அதற்கு எவ்வளவு பணம் வந்தது என்று அமெரிக்கத் தரகு நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் 606 அறிக்கை பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்து, இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். தரகு நிறுவனம் ஒன்றில் இந்த அறிக்கைகளைத் தயாரிக்கும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். மக்கள் இவற்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நான் வாங்கியது நாஸ்டாக்கில் பட்டியலான பங்கு. தரகரின் 606 அறிக்கையைத் திறந்தால் சிட்டாடல் செக்யூரிட்டீஸ், வர்ட்டு என்ற பெயர்கள்தான் மேலே இருக்கின்றன. என் ஆர்டர் சந்தைக்கே போகவில்லையா?
(வாசகி, எடிசன், நியூ ஜெர்சி)

பெரும்பாலும் போயிருக்காது. ஒரு பங்கு எந்த எக்ஸ்சேஞ்சில் பட்டியலாகியிருக்கிறது என்பது வேறு, அது எங்கே கைமாறுகிறது என்பது வேறு. நாஸ்டாக் பங்கை நியூயார்க் பங்குச் சந்தையிலும் வாங்கலாம், சிபோவின் எக்ஸ்சேஞ்சுகளிலும் வாங்கலாம், ஐஇஎக்ஸ், மெம்எக்ஸ் போன்ற இடங்களிலும் வாங்கலாம். எந்த எக்ஸ்சேஞ்சுக்கும் போகாமல், நீங்கள் பார்த்த அந்த ஹோல்சேலர் நிறுவனங்களிடமும் வாங்கலாம். உங்களைப் போன்ற சிறு முதலீட்டாளர்களின் மார்க்கெட் ஆர்டர்களை, அதாவது கிடைக்கும் விலைக்கு உடனே முடிக்கச் சொல்லும் ஆர்டர்களை, தரகர்கள் பெரும்பாலும் அவர்களிடம்தான் அனுப்புகிறார்கள். அவர்கள் தங்கள் சொந்தக் கணக்கிலிருந்தே உங்களுக்கு விற்கிறார்கள், உங்களிடமிருந்து வாங்குகிறார்கள். அமெரிக்காவில் கைமாறும் பங்குகளில் ஏறக்குறைய பாதி இப்படி எக்ஸ்சேஞ்சுக்கு வெளியேதான் கைமாறுகின்றன. அதனால் அந்தப் பெயர்களைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அறிக்கையைப் படிக்கும் முறையைச் சொல்கிறேன். எஸ் அண்ட் பி 500 பங்குகள், மற்ற பங்குகள், ஆப்ஷன்கள் என்று மூன்று பிரிவுகள் இருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் மூன்று மாதங்களும் தனித்தனியாக வரும். எந்த இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று நீங்களே குறிப்பிடாத ஆர்டர்கள்தான் இதில் கணக்கு. தரகர் தானே முடிவெடுத்து அனுப்பியவை என்று புரிந்துகொள்ளுங்கள். அதிக ஆர்டர்கள் போன பத்து இடங்களும், ஐந்து சதவீதமோ அதற்கு மேலோ பெற்ற எந்த இடமும் பட்டியலில் வந்தாக வேண்டும்.

அந்தச் சதவீதம் ஆர்டர்களின் எண்ணிக்கையை வைத்துப் போடப்பட்டது. பங்குகளின் எண்ணிக்கையோ டாலர் மதிப்போ அதில் இல்லை. ஒரே ஒரு பங்கு வாங்கிய ஆர்டரும் ஐயாயிரம் பங்கு வாங்கிய ஆர்டரும் இந்தக் கணக்கில் சமம். ‘40 சதவீதம் அங்கே போகிறது’ என்று படித்துவிட்டு, பணத்தில் 40 சதவீதம் என்று நினைத்துக்கொண்டு என்னிடம் பேசியவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது பணப் பத்தி. அந்த இடம் உங்கள் தரகருக்கு எவ்வளவு கொடுத்தது என்று மொத்த டாலரிலும், நூறு பங்குக்கு இத்தனை சென்ட் என்றும் போட்டிருப்பார்கள். 20 என்று இருந்தால் நூறு பங்குக்கு 20 சென்ட், அதாவது ஒரு பங்குக்கு 0.002 டாலர். பங்குக்கு 20 சென்ட் என்று படித்துவிட வேண்டாம். முன்பெல்லாம் இந்தப் பணத்தைப் பொதுப்படையாக நாலு வரியில் எழுதி முடித்துவிடலாம். பங்குச் சந்தை ஆணையமான எஸ்இசி 2018-இல் விதியைத் திருத்தியது. அதன்படி 2020 முதல் தொகையைப் போட்டே ஆக வேண்டும் என்று ஆனது. அந்த மாற்றத்துக்காக நாங்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்தோம். அந்த வேலை வீண் போகவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

கடைசியாக, அட்டவணைக்குக் கீழே பத்தி பத்தியாக எழுத்து இருக்கும். யாரும் படிப்பதில்லை. தரகருக்கும் அந்த இடத்துக்கும் என்ன ஒப்பந்தம், இத்தனை ஆர்டர் அனுப்பினால் கூடுதல் பணம் என்று ஏதாவது ஏற்பாடு உண்டா என்பதெல்லாம் அங்கேதான் சொல்லப்பட வேண்டும். அறிக்கையில் ஒரே ஒரு இடத்தைப் படிக்க நேரம் இருந்தால் அதைப் படியுங்கள்.

அப்படியானால் எனக்குக் கிடைத்த விலை நல்ல விலையா, மோசமான விலையா என்று 606-இல் தெரிந்துகொள்ள முடியுமா?
(வாசகர், ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா)

முடியாது. எங்கே அனுப்பினார்கள், அதற்கு எவ்வளவு பணம் வந்தது என்பதோடு 606 நின்றுவிடும். விலையின் தரத்தைப் பார்க்க 605 என்ற இன்னொரு அறிக்கை வேண்டும். இரண்டையும் எஸ்இசி 2000-ஆம் ஆண்டின் இறுதியில் ஒன்றாகவே கொண்டுவந்தது. 2005-இல் ரெகுலேஷன் என்எம்எஸ் என்ற பங்கு வர்த்தக விதித்தொகுப்பு வந்தபோது இப்போதைய எண்களைக் கொடுத்தார்கள். ஒன்றை மட்டும் படித்தால் பாதிக் கதைதான்.

605 மாதா மாதம் வருவது. ஆர்டரைப் பெற்று நிறைவேற்றும் இடங்கள், அதாவது எக்ஸ்சேஞ்சுகளும் ஹோல்சேலர்களும் வெளியிடுவது. அதிலுள்ள கணக்கை ஒரு உதாரணத்தில் பார்ப்போம். ஒரு பங்கை வாங்க முன்வருபவர்கள் தரும் சிறந்த விலை 50.00 டாலர், விற்பவர்கள் கேட்கும் சிறந்த விலை 50.02. நடுவே உள்ள 2 சென்ட்தான் அறிவிக்கப்பட்ட ஸ்ப்ரெட். நீங்கள் மார்க்கெட் ஆர்டர் போட்டு 50.015-க்கு வாங்கினீர்கள். 50.02 கொடுத்திருக்க வேண்டிய இடத்தில் பங்குக்கு அரை சென்ட் மிச்சம். நூறு பங்குக்கு 50 சென்ட். நடுவிலை 50.01. நீங்கள் அதற்கு மேல் கொடுத்தது அரை சென்ட். அதை இரண்டால் பெருக்கினால் 1 சென்ட், அதுதான் நடைமுறை ஸ்ப்ரெட். 1-ஐ 2-ஆல் வகுத்தால் 50 சதவீதம். இந்தச் சதவீதம் குறையக் குறைய வாங்கியவருக்கு லாபம். 100-ஐத் தாண்டினால் அறிவித்த விலையைவிட மோசமாகக் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

பலர் கவனிக்காத இரண்டு பத்திகளும் 605-இல் உண்டு: ஆர்டரைப் பெற்ற இடத்திலேயே நிறைவேறிய பங்குகள் எத்தனை, வேறு இடத்துக்கு அனுப்பி அங்கே நிறைவேறியவை எத்தனை. ஆர்டர் கைமாறிப் போவதை எண்ணிக்கையாகப் பொதுமக்கள் பார்க்கக்கூடிய அபூர்வமான இடம் அது. முதலில் பெற்றவர், ‘நான் அனுப்பிவிட்டேன், இனி எனக்குத் தொடர்பில்லை’ என்று கைகழுவ முடியாது.

நீண்ட காலம் இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. நூறு பங்குக்குக் குறைவான ஆர்டர்கள் கணக்கிலேயே வரவில்லை. சிறு முதலீட்டாளர்கள் போடுவது பெரும்பாலும் அந்த மாதிரி ஆர்டர்கள்தானே! 2024 மார்ச்சில் எஸ்இசி நிறைவேற்றிய திருத்தம் அவற்றையும் சேர்க்கச் சொல்கிறது. ஒரு லட்சமோ அதற்கு மேலோ வாடிக்கையாளர்கள் உள்ள தரகர்களும் 605 வெளியிட வேண்டும் என்கிறது. இத்தனை தாமதமாக வந்ததில் எனக்கு வருத்தம் உண்டு.

எக்ஸ்சேஞ்சுகள் வெளியிடும் வர்த்தக அளவுத் தரவை ஒரு ப்ராஜெக்டுக்காகச் சேகரிக்கிறேன். ஒரு எக்ஸ்சேஞ்சின் அறிக்கையில் ‘மேட்ச்’ ஆனவை, ‘ரூட்’ செய்யப்பட்டவை என்று இரண்டு எண்கள் வருகின்றன. எல்லா எக்ஸ்சேஞ்சுக்கும் இரண்டையும் கூட்டினால் மொத்தச் சந்தை அளவு வந்துவிடுமா?
(வாசகர், டாலஸ், டெக்சஸ்)

கூட்டாதீர்கள். ஒரே வர்த்தகத்தை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள்.

ஒரு ஆர்டர் நாஸ்டாக்குக்கு வருகிறது. அந்த நேரத்தில் நாஸ்டாக்கில் விற்பவர் கேட்பது 50.03; சிபோவின் எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் 50.02-க்கே கிடைக்கிறது. ரெகுலேஷன் என்எம்எஸ்-இன் 611-ஆம் விதி, இன்னொரு எக்ஸ்சேஞ்சில் நல்ல விலை தெரிந்துகொண்டிருக்கும்போது அதைத் தாண்டி மோசமான விலையில் முடிக்கக் கூடாது என்கிறது. ஆகவே நாஸ்டாக் தன் துணைத் தரகு நிறுவனம் வழியாக அந்த ஆர்டரை அங்கே அனுப்புகிறது. வர்த்தகம் நடப்பது சிபோவில். நாஸ்டாக்கின் கணக்கில் இது ‘ரூட்’ செய்யப்பட்டது, சிபோவின் கணக்கில் ‘மேட்ச்’ ஆனது. பங்குகள் கைமாறியது ஒரு முறைதான்.

மொத்தச் சந்தை அளவு வேண்டுமென்றால் மேட்ச் ஆனவற்றை மட்டும் கூட்டுங்கள், அதோடு எக்ஸ்சேஞ்சுக்கு வெளியே நடந்து, தரகர்களைக் கண்காணிக்கும் அமைப்பான ஃபின்ரா வழியாக அறிவிக்கப்பட்டவற்றைச் சேருங்கள். பொதுத் தரவு ஓடையில் ஒவ்வொரு வர்த்தகத்தோடும் ஒரு எழுத்து வரும்: N என்றால் நியூயார்க், Q என்றால் நாஸ்டாக், V என்றால் ஐஇஎக்ஸ், D என்றால் ஃபின்ராவுக்கு அறிவிக்கப்பட்ட வெளி வர்த்தகம். நிறைவேறிய இடத்தின் எழுத்துதான் அங்கே பதிவாகும். வழியில் எத்தனை கை மாறியது என்பதற்கு அந்த ஓடையில் தடயமே இருக்காது. அப்புறம், சில எக்ஸ்சேஞ்சுகள் மேட்ச், ரூட் இரண்டையும் சேர்த்துத் ‘தொட்ட அளவு’ என்று ஒரு எண்ணையும் வெளியிடுவார்கள். அது அவர்கள் கையாண்ட வேலையின் அளவு. எந்த எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு வர்த்தகம் நடந்தது என்று ஒப்பிட அதை எடுக்க வேண்டாம்.

உங்களுக்குத் தரகரின் ஃபிக்ஸ் செய்திகளும் (ஆர்டர் விவரங்களைக் கணினிகள் பரிமாறிக்கொள்ளும் வடிவம்) கையில் கிடைத்தால் 851-ஆம் எண் புலத்தைப் பாருங்கள். 1 என்றால் விலைப்பட்டியலில், அதாவது எக்ஸ்சேஞ்சில் காத்திருக்கும் ஆர்டர்களின் வரிசையில், காத்திருந்து நிறைவேறியது, 2 என்றால் காத்திருந்த இன்னொருவரின் ஆர்டரை எடுத்தது, 3 என்றால் வெளியே அனுப்பப்பட்டு நிறைவேறியது. இந்த 3 மட்டும் இல்லாமல் யாராவது ரூட்டிங் பகுப்பாய்வு செய்து காட்டினால் நான் நம்ப மாட்டேன்.

இப்படி வெளியே அனுப்பாமல் தடுக்க முடியுமா?
(அதே வாசகர்)

முடியும். வெளியே அனுப்பாதே என்ற குறிப்போடு ஆர்டர் போடும் வசதி எக்ஸ்சேஞ்சுகளில் உண்டு. ஆனால் சாதாரணக் கைப்பேசி செயலிகளில் அது இருக்காது.

கமிஷன் இல்லை என்று சொல்லிவிட்டு, என் ஆர்டரை விற்றுப் பணம் வாங்குவது திருட்டு இல்லையா?
(வாசகர், நேப்பர்வில், இல்லினாய்)

கோபம் புரிகிறது. அமெரிக்காவில் அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது, வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. சொல்லாமல் விட்டால் தண்டனை உண்டு. 2020 டிசம்பரில் ராபின்ஹுட் நிறுவனம், இந்த வருமானத்தை வாடிக்கையாளர்களிடம் சரியாகச் சொல்லவில்லை, சிறந்த விலை தேடித் தரும் கடமையில் தவறியது என்ற எஸ்இசியின் குற்றச்சாட்டுகளை முடித்துக்கொள்ள 6.5 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. குற்றத்தை ஒப்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

என் கருத்தைக் கேட்டால், பணம் வாங்குவதைவிட அந்தப் பணம் முடிவை மாற்றுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இரண்டு ஹோல்சேலர்களில் அதிகப் பணம் தருபவருக்கே ஆர்டர்கள் அதிகம் போகின்றன, 605-இல் அவருடைய விலைத் தரமோ மற்றவரைவிடக் கீழே இருக்கிறது என்று தொடர்ந்து கண்டால், உங்கள் தரகரை எழுத்தில் விளக்கம் கேளுங்கள். ஒரு காலாண்டை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். பங்குகளுக்கு இந்தப் பணத்தை வாங்காத தரகர்களும் இருக்கிறார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

என் லிமிட் ஆர்டர்கள் மட்டும் ஏன் ஹோல்சேலரிடம் போகாமல் எக்ஸ்சேஞ்சுக்குப் போகின்றன?
(வாசகி, கேரி, நார்த் கரோலினா)

லிமிட் ஆர்டர் என்பது இந்த விலைக்குத்தான் என்று வரம்பு சொல்லிப் போடுவது. உடனே நிறைவேறாத விலையில் போடும் லிமிட் ஆர்டர் விலைப்பட்டியலில் காத்திருக்கும். அப்படிக் காத்திருந்து நிறைவேறும் ஆர்டர்களுக்குப் பல எக்ஸ்சேஞ்சுகள் தரகருக்குத் தள்ளுபடிப் பணம் தருகின்றன. 606-இல் லிமிட் ஆர்டர்களுக்கான பணப் பத்தியில் பெரிய தொகை தெரிவதற்கு அதுதான் காரணம். அதிகத் தள்ளுபடி தரும் இடத்தில்தான் வரிசை நீளமாக இருக்கும், உங்கள் முறை வருவதற்குள் விலை நகர்ந்துவிடவும் கூடும்.

அறிக்கையெல்லாம் பொதுக் கணக்கு. என்னுடைய ஆர்டர் எங்கே போனது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?
(வாசகி, எடிசன், நியூ ஜெர்சி)

உண்டு. இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதே 606-ஆம் விதியின் இரண்டாம் பகுதி இந்த உரிமையை உங்களுக்குத் தருகிறது. கேட்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதங்களில் உங்கள் ஆர்டர்கள் எந்த இடத்துக்கு அனுப்பப்பட்டன, இடத்தை நீங்கள் சொன்னீர்களா தரகர் முடிவு செய்தாரா, அவற்றால் வர்த்தகம் நடந்திருந்தால் எந்த நேரத்தில் நடந்தது என்ற மூன்றையும் தரகர் தர வேண்டும். இப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்பதையும் அவர் வருடத்துக்கு ஒருமுறையாவது உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அது நீளமான ஆவணங்களுக்கு நடுவே வரும், யார் கண்ணிலும் படாது. நான் வேலையில் இருந்த காலத்தில் இதைக் கேட்டு வந்த கடிதங்கள் மிக மிகக் குறைவு. அப்படி ஒன்று வந்தால் உடனே எடுத்து வேலையை ஆரம்பித்துவிடுவோம்.

எழுதும்போது சுற்றி வளைக்க வேண்டாம். ‘விதி 606(பி)(1)-இன் கீழ், என் கணக்கின் கடந்த ஆறு மாத ஆர்டர்களின் விவரம் வேண்டும்’ என்று ஒரே வரி போதும். கணக்கு எண், தேதி போடுங்கள். தொலைபேசியில் கேட்காதீர்கள், பாதுகாப்பான செய்திப் பெட்டி வழியாக அனுப்புங்கள், நகல் இருக்கட்டும். வாடிக்கையாளர் சேவையில் இருப்பவருக்கு இந்த விதி தெரியாமல் இருக்கலாம். விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் கம்ப்ளயன்ஸ் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பதில் வந்ததும் ஒவ்வொரு வர்த்தகத்தின் நேரத்தையும் எடுத்து, அந்த நொடியில் சந்தையில் இருந்த சிறந்த விலையோடு ஒப்பிட்டால், மேலே சொன்ன 50.015 கணக்கை உங்கள் சொந்த ஆர்டருக்கே போட்டுப் பார்க்கலாம்.

பழைய அறிக்கைகள் கிடைக்குமா?
(வாசகர், சியாட்டில்)

606 அறிக்கைகளைத் தரகர்கள் மூன்று வருடம் தங்கள் தளத்தில் வைத்திருக்க வேண்டும். காலாண்டு முடிந்து ஒரு மாதத்துக்குள் புதியது வந்துவிடும். பிடிஎஃப், எக்ஸ்எம்எல் இரண்டு வடிவிலும் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்கள் எக்ஸ்எம்எல்-ஐ எடுங்கள், வரிசை வரிசையாகத் தட்டச்சு செய்யும் வேலை மிச்சம்.