விடுப்பா, விலகலா?

கேள்வி: கடலூரிலிருந்து தினமும் பேருந்தில் புதுச்சேரி சென்று, ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 3 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். இது தலைப்பிரசவம், 5 மாதம் ஆகிறது. விடுப்பில் போனால் பழைய பொறுப்பு கிடைக்காது என்கிறார் மேலாளர். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு ராஜினாமா கடிதம் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த, சம்பளத்துடன் கூடிய 26 வார விடுப்பு உங்கள் உரிமை; அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம் என்பதால், பேருந்துக் குலுக்கல் உடலை வருத்தும் கடைசி மாதங்களுக்கு அதை ஒதுக்கிக்கொள்ளுங்கள். விடுப்புக் காலத்தில் பணிநீக்கம் செய்வது மட்டுமல்ல, பணி நிபந்தனைகளை உங்களுக்குப் பாதகமாக மாற்றுவதும் சட்டவிரோதமே. மேலாளர் வாய்மொழியாகச் சொன்னதைக் குறிப்பிட்டு, மனிதவளத் துறைக்கு இன்றே மின்னஞ்சல் எழுதி, எழுத்திலேயே பதில் கேளுங்கள். திரும்பிய பின், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. வீட்டிலிருந்து பணிபுரிவது மட்டும் நிறுவனத்தின் சம்மதத்தைப் பொறுத்தது. அதை விடுப்புக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.