சிறிய சந்தை கொண்ட நாடுகள் ஒன்றுசேர்ந்தால் கார் தொழில் வளருமா?

வளரும். ஆனால் பலன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்காது. தென்கிழக்கு ஆசியாவையே பாருங்கள். பிலிப்பைன்ஸில் விற்கும் கார்களை மட்டும் நம்பி அங்கே ஒரு கியர்பாக்ஸ் தொழிற்சாலையை இலாபமாக நடத்துவது கடினம். 1988இல் ஆசியான் எனும் தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பின் நாடுகள் சில, ஒரே நிறுவனத்தின் உதிரிபாகங்கள் தங்களுக்குள் எல்லை தாண்டும்போது சுங்க வரியைப் பாதியாவது குறைப்பது என்று உடன்பட்டன. டொயோட்டா வேலையைப் பிரித்தது: கியர்பாக்ஸ் பிலிப்பைன்ஸில், ஸ்டீயரிங் பாகங்கள் மலேசியாவில், டீசல் எஞ்சின் தாய்லாந்தில். ஒவ்வோர் ஆலைக்கும் பல நாட்டுத் தேவை கிடைத்தது. அடக்கவிலை இறங்க அதுதான் வழி.

வரி குறைந்தால் மட்டும் போதாது என்பேன். மலேசியா தன் புரோட்டான் காரைக் காக்க வரிக்குறைப்பைத் தள்ளிப்போட்டது. தாய்லாந்தோ வண்டியில் ஒரு பங்கு உள்நாட்டு உதிரிபாகங்களாக இருக்கவேண்டும் என்ற கட்டாயத்தை 2000இல் நீக்கி, பிக்கப் வண்டிகளை உலகுக்கே ஏற்றுமதி செய்யும் நாடானது.