கிளட்ச் மாற்றியதும் ஹெட்லைட் மங்குவது ஏன்? கார் கரண்ட் கோளாறுகள்: கேள்வி-பதில்

அண்ணாச்சி, கிளட்ச் பிளேட் மாற்றி வண்டி வந்ததிலிருந்து செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. ஓடும்போதும் ஹெட்லைட் மங்கல். பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா? (அம்பாசமுத்திரம்)

பொறுங்கள். கிளட்ச் வேலைக்கு கியர்பாக்ஸை இறக்கும்போது எர்த் வயரையும் கழற்றுவார்கள். திரும்ப மாட்டும்போது அது விட்டுப்போவதும், துருவின் மேலேயே போல்ட்டை முறுக்கிவிடுவதும் சகஜம். செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; அத்தனையும் அந்த வயர் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். ஓடும்போது கரண்ட் தரும் டைனமோவும் என்ஜினில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் ஓடும்போதும் வெளிச்சம் குறைகிறது.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, பெல்ட் பக்கம் கை போகாமல் செய்யுங்கள். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில், கிளாம்பில் அல்ல. சிவப்பு முனை என்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் சரி. 0.5-ஐத் தாண்டினால் கோளாறு அங்கேதான். சிவப்பு முனையை பாடிக்கு மாற்றி மறுபடி அடித்துப் பாருங்கள்: பாடியில் சரியாக இருந்து என்ஜினில் மட்டும் எகிறினால், விட்டுப்போனது என்ஜின்-பாடி வயர். முனையைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

பேட்டரியைச் சந்தேகப்படுவது அதற்குப் பிறகுதான். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் குறையாமல், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் அதன்மேல் குற்றமில்லை.

புது ஸ்டீரியோ போட்டபின், இரண்டு நாள் நிறுத்தினால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. (பாளையங்கோட்டை)

ஸ்டீரியோவில் மஞ்சள் வயர் எப்போதும் கரண்ட் வரும் இடத்துக்கும், சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் வரும் இடத்துக்கும் போக வேண்டும். அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் செட் தூங்கவே தூங்காது. அது அரை ஆம்பியர் இழுத்தால் 48 மணி நேரத்தில் 24 ஆம்பியர்-அவர் காலி. சின்ன காரின் பேட்டரியே 35தான்.

நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் கம்பத்துக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். கதவுகளை மூடிவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். கம்ப்யூட்டர்கள் அடங்க அவ்வளவு நேரம் ஆகும். 0.05 ஆம்பியருக்குள் வரவேண்டும். கூடுதலென்றால் பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் விழுகிறதோ அந்த லைன்தான். மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டரின் பியூஸ் போய்விடும்.

பின் பம்பர் டிங்கரிங் முடிந்தபின், பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. (உவரி)

டெயில் லைட் எர்த். கடலோர உப்புக்காற்றில் கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்) பின்கள் பச்சை பூத்துவிடும். ஒருமுறை அசைத்ததும் தொடர்பு விடும். பின்னைச் சுரண்டி, எர்த் போல்ட்டை இறுக்குங்கள். 21/5 வாட் இரட்டை இழை பல்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒற்றை இழை மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

10 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறது. 20 போட்டுத் தந்துவிட்டார்கள். (வள்ளியூர்)

இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பியூஸ் காப்பது வயரை. மஞ்சள் 20 போட்டால், சிவப்பு 10 உருகவேண்டிய இடத்தில் வயர் உருகும். அந்த லைனில் உள்ள எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பியூஸ் இருந்த இரண்டு முனைக்கும் நடுவே 21 வாட் பல்பு ஒன்றை இணையுங்கள். பளிச்சென்று எரிந்தால் ஷார்ட். வேலை நடந்த பக்கத்து வயர்க்கட்டை அசைத்துக்கொண்டே போங்கள். எங்கே தொட்டதும் பல்பு அணைகிறதோ அங்கே பிரியுங்கள். அறுப்பு முடிந்த வயலோரம் நிறுத்துகிற வண்டியென்றால் எலியும் கடித்திருக்கும், மெக்கானிக்கை மட்டும் திட்டவேண்டாம்.

சீட் கவர் மாற்றியபின் ஏர்பேக் லைட் அணையவில்லை. (சேரன்மகாதேவி)

சீட்டுக்கு அடியில் மஞ்சள் கப்ளர் தளர்ந்திருக்கும். சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, 10 நிமிடம் விட்டு, கப்ளரை அழுத்தி மாட்டுங்கள். அதில் மல்டிமீட்டர் முனையை வைக்கவே கூடாது. பை வெடித்துக் கிளம்பலாம். அப்புறமும் லைட் எரிந்தால், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறை ஸ்கேனரில் அழிக்க வேண்டும். சீட்டிலேயே ஏர்பேக் உள்ள வண்டியில், அந்தப் பக்கத்தை மூடித் தைத்த கவரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பேட்டரி கழற்றி மாட்டியபின் பவர் விண்டோ ஒரே தட்டில் ஏறவில்லை. (கல்லிடைக்குறிச்சி)

பழுதில்லை, மறந்துவிட்டது. கண்ணாடியை முழுக்க இறக்கி, சுவிட்சை மேலே இழுத்துப் பிடித்தபடி ஏற்றுங்கள்; மூடியபின்னும் சில வினாடி விடாதீர்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு இது போதும்.