கொரோனா காலத்தில் அமெரிக்காவில் குடியிருந்த பிரிட்டிஷ் குடும்பங்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது?

நான் பிரிட்டிஷ்காரி அல்ல. ஆனால் நியூ ஜெர்சியில், எடிசனுக்கு அருகே, சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடொன்றில் நாங்கள் குடியிருந்தபோது, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து எல்-1 விசாவில் (நிறுவனம் தன் ஊழியரை அமெரிக்கக் கிளைக்கு மாற்றும்போது தரும் விசா) வந்த குடும்பம் ஒன்று அடுத்த வீட்டில் இருந்தது. கணவர், மனைவி, ஒன்பது வயதுப் பெண், ஆறு வயதுப் பையன். 2020 மார்ச் தொடங்கி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், கொல்லைப்புற வேலிக்கு இரு புறமும் நின்று நானும் அந்தப் பெண்மணியும் பேசாத நாள் குறைவு. அந்த ஒரு குடும்பத்தில் கண்டதை மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

அந்த மார்ச் மாதத்தில் அவர்கள் இரண்டு நாடுகளின் ஊரடங்குக்கும் சேர்த்துக் கவலைப்பட்டார்கள். பிரிட்டனிலிருந்து வரும் வெளிநாட்டவருக்கு அமெரிக்கா 16ஆம் தேதி நள்ளிரவோடு கதவை மூடியது. 21ஆம் தேதி நியூ ஜெர்சியில் வீட்டிலேயே இருக்கச் சொல்லி ஆணை வந்தது. 23ஆம் தேதி பிரிட்டனிலும் ஊரடங்கு. ஈஸ்டருக்கு வருவதாக இருந்த தாத்தா, பாட்டியின் பயணச்சீட்டு ரத்தானது. ஏப்ரல் 6ஆம் தேதி பிரதமர் போரிஸ் ஜான்சனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிய செய்தி வந்தபோது, அவருக்கு ஒருபோதும் வாக்களித்திராத அந்தப் பெண்மணி, சமையலறை வானொலியை அன்று இரவு வரை அணைக்கவே இல்லை.

வியாழக்கிழமைகள் வேடிக்கையாக இருக்கும். மருத்துவப் பணியாளர்களுக்காகப் பிரிட்டன் முழுவதும் இரவு 8 மணிக்கு வாசலில் நின்று கைதட்டும் வழக்கம் மார்ச் 26ஆம் தேதி தொடங்கியது. அது எங்களுக்குப் பிற்பகல் 4 மணி. அடுத்த வாரத்துக்குள் கோடைக்காலத்துக்காக அங்கும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திவிட்டதால் 3 மணியாகிவிட்டது. பட்டப்பகலில் இரண்டு பிள்ளைகள் மரக்கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவதைப் பார்த்துத் தெருவே விழித்தது. எங்களுக்கு மட்டும் விளக்கம் தேவைப்படவில்லை. இந்தியாவில் 22ஆம் தேதி மாலை 5 மணிக்குத் தட்டு தட்டியபோது, இங்கே காலை ஏழரை மணிக்கே எவர்சில்வர் தட்டோடு வெளியே நின்று அக்கம்பக்கத்தாரை எழுப்பியவர்கள்தாமே நாங்கள்!

பிள்ளைகளின் பள்ளி மடிக்கணினிக்குள் வந்தபிறகு, நாளின் ஒழுங்கு லீட்ஸ் நேரத்தைச் சுற்றியே அமைந்தது. இங்கே பையன் தூங்கப்போகும் நேரம் பாட்டிக்கு நள்ளிரவு என்பதால், கதை நேரத்தை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். பாட்டி மாலைத் தேநீரோடு அமர்ந்து படிக்க, பையன் ரொட்டியைக் கடித்தபடி கேட்பான். எழுத்துக்கூட்டல்தான் வம்பு. பாட்டி சொல்லித்தந்த 'கலர்' (colour) என்ற சொல்லில் அமெரிக்க ஆசிரியை 'u' எழுத்தை அடித்துவிடுவார். மறுநாள் பாட்டி அதைத் திரும்பச் சேர்ப்பார்.

ஏப்ரலில் அமெரிக்கக் கடைகளில் மாவும் ஈஸ்ட்டும் காணாமல் போயின. எங்கள் இந்திய மளிகைக் கடையில் மைதா இருந்தது. தொலைபேசியில் சொல்லிவைத்து வாசலில் வாங்கிக்கொள்ளும் அந்தக் கடையின் பட்டியலை அவருக்கு அனுப்பினேன். கஸ்டர்ட் பவுடர், ஹார்லிக்ஸ், டைஜஸ்டிவ் பிஸ்கட் என்று அவர் ஊர்ச் சாமான்கள் பாதி அதில் இருந்ததைக் கண்டு முதலில் சிரித்தார். பிறகு சற்று யோசித்து, "இதெல்லாம் உங்களிடம் எப்படி வந்தது என்று நான் கேட்கக்கூடாது, இல்லையா?" என்றார். கேட்காமலே இருவருக்கும் தெரியும்.

நோயைவிட அவரை உறங்கவிடாமல் செய்தது வேலை பற்றிய பயம். கணவரின் வேலை போனால் மருத்துவக் காப்பீடும் போகும். 60 நாள்களுக்குள் வேறு வழி காணாவிட்டால் நாட்டில் இருக்கும் உரிமையும் போகும். காசு கொடுக்காமல் மருத்துவரைப் பார்த்தே வளர்ந்தவருக்கு, நோயாளியாவதற்கும் ஒருவருக்கு வேலை இருக்க வேண்டும் என்பது விளங்கவே நாளானது. அந்த வசந்தத்தில் அமெரிக்க அரசு கொரோனா உதவித்தொகையாக வயதுவந்தோர் ஒவ்வொருவருக்கும் 1,200 டாலர் வழங்கியபோது, கணவன் மனைவி சேர்ந்து வரிக் கணக்கு காட்டி, அதில் ஒருவருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் (வேலை செய்ய அனுமதி உள்ளவர்களுக்கு அரசு தரும் அடையாள எண்) இல்லையென்றால் இருவருக்குமே கிடையாது என்றார்கள். வேலை அனுமதி இல்லாத அவருக்கும் அந்த எண் இல்லை, கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருந்த எனக்கும் இல்லை. "உங்களுக்கும் அப்படித்தானா?" என்று அவர் வியந்தார். எனக்கோ, அவருக்கும் அப்படித்தான் என்பதுதான் வியப்பு. பிரிட்டிஷ் கடவுச்சீட்டு என்றால் எல்லாக் கதவும் தானாகத் திறக்கும் என்று நம்பி வளர்ந்தவள் நான். டிசம்பரில் சட்டத்தைத் திருத்தியபிறகு, எங்கள் கணவர்களின் பங்கு மட்டும் மறு ஆண்டு வரிக் கணக்கில் வந்து சேர்ந்தது.

2021 ஜனவரியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் குப்பைத்தொட்டியைத் தெருவோரம் வைக்கப் போனேன். அடுத்த வீட்டுக்காரரும் தம் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, மெருகேற்றிய காலணி. வீட்டிலிருந்தே வேலை செய்து பத்து மாதங்களாக டி-சட்டையைத் தவிர வேறெதிலும் நான் பார்த்திராத மனிதர். நேர்காணலா என்று கேட்க வாயெடுத்தேன், நல்லவேளை, கேட்கவில்லை. அவருடைய தந்தையின் இறுதிச் சடங்கு லீட்ஸில் 11 மணிக்கு நடந்தது. இங்கே விடியற்காலை 6 மணி. சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து நேரலையில் பார்த்திருக்கிறார். எட்டரைக்கு அலுவலகக் கூட்டம் இருந்தது.

அவர் போகத் தடை இருக்கவில்லை. திரும்பி வருவதற்குத்தான் தடை. பிரிட்டனில் கால் வைத்துவிட்டால், மெக்சிகோ போன்ற வேறொரு நாட்டில் 14 நாள்கள் தங்கிய பிறகே அமெரிக்காவுக்குள் நுழைய முடியும். தாள் ஒன்றில் நாள்களையும் செலவையும் கூட்டிப் பார்த்து, விட்டுவிட்டார்கள். தூதரகம் எப்போது திறக்கும், விசா முத்திரை எப்போது கிடைக்கும் என்று கணக்குப் போடுவது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. அவர்கள் அதை அப்போதுதான் கற்றார்கள். அதில் எனக்கு ஒரு சிறு நிறைவு தோன்றி, உடனே வெட்கமாகவும் இருந்தது.

2021 நவம்பர் 8ஆம் தேதி தடை நீங்கியது. அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ், வர்ஜின் விமானங்கள் இரண்டும் ஹீத்ரோவின் இரு ஓடுபாதைகளிலிருந்து ஒரே நேரத்தில் நியூயார்க்குக்குக் கிளம்பிய காட்சியை அவர்கள் வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்கா ஒருபோதும் அனுமதி வழங்காத அஸ்ட்ராஜெனகா தடுப்பூசியைப் போட்டிருந்த பாட்டிக்கு, பயணத்துக்கு அது செல்லும் என்று தெரிந்தபிறகே பயணச்சீட்டு எடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளாகத் திரையில் தோள் வரை மட்டுமே பார்த்திருந்த பையன், பாட்டி நேரில் வந்து நின்றபோது அவர் இவ்வளவு குள்ளம் என்று எதிர்பார்க்கவில்லை.

அந்த வாரம் பாட்டியை எங்கள் மளிகைக் கடைக்கு அழைத்துப் போனேன். கஸ்டர்ட் பவுடர் டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்து, டாலரைப் பவுண்டாக்கி மனக்கணக்குப் போட்டு, "லீட்ஸில் இதில் பாதிதான்" என்று திரும்ப வைத்துவிட்டார்.