பிளொப்பி பழுதான பழைய கணினியின் வன்தட்டை இன்னொரு கணினியிலிருந்து படிப்பது எப்படி?

சம்மாந்துறையில் அரிசி ஆலை நடத்தும் வாசகர் ஒருவர், தம் தந்தையார் காலத்து நெல் கொள்வனவுக் கணக்குகள் ஒரு 386 கணினியின் 40 மெகாபைட் வன்தட்டில் இருப்பதாகவும், அதன் பிளொப்பி டிரைவ் பழுதாகிவிட்டதாகவும், எம்எஸ்-டொஸ் 6.22 இயங்குதளம் உள்ள பென்டியம் கணினி ஒன்று கைவசம் இருப்பதாகவும் எழுதி, வன்தட்டைக் கழற்றாமல் கணக்குகளை எடுக்க வழி கேட்டிருக்கிறார்.

வழி உண்டு. 1993இல் வெளியான எம்எஸ்-டொஸ் 6.0 முதல் இன்டர்லிங்க், இன்டர்சர்வர் என்ற இரு நிரல்கள் டொஸுடனேயே வந்தன (எட்டெழுத்து வரம்புக்காகச் சில எழுத்துகள் உதிர்ந்த நிலையில்தான் அவற்றின் கோப்புப் பெயர்கள் இருக்கும்). இன்டர்சர்வர் இயங்கும் கணினியின் வன்தட்டு, இன்டர்லிங்க் ஏற்றிய கணினியில் மேலும் ஒரு டிரைவாகத் தோன்றும். எனவே 386இல் இயங்க வேண்டியது இன்டர்சர்வர். அதில் டொஸ் 3.0 இருந்தாலே போதும்.

பிளொப்பி இல்லாததால் அந்த நிரலும் கேபிள் வழியாகவே 386க்குப் போக வேண்டும். அதற்கு மூன்று கம்பிக் கேபிள் உதவாது, இரு கணினிகளின் சீரியல் போர்ட்டுகளையும் நேரடியாக இணைக்கும், ஏழு கம்பி கொண்ட ‘நல்’ (null) மோடம் கேபிளே தேவை. கடையில் மோடம் கேபிள் என்று தருவது பெரும்பாலும் நேர்க்கம்பி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் மல்டிமீட்டரால் சோதியுங்கள். ஒன்பது முள் இணைப்பியில் 2உம் 3உம், 7உம் 8உம், 4உம் 6உம் மறுமுனையில் இடம் மாறியிருக்க வேண்டும். 5 மட்டும் 5க்கே போகும். நம் கரையோர உப்புக் காற்றில் முட்கள் பாசி பிடித்திருந்தால் பென்சில் அழிறப்பரால் தேய்த்துவிட்டு, இரண்டு கணினிகளையும் அணைத்த பின்னரே கேபிளைச் செருகுங்கள்.

பென்டியத்தில் இன்டர்சர்வரை ஆர்கொப்பி என்ற தெரிவுடன் இயக்கினால், 386இல் தட்ட வேண்டிய இரண்டு கட்டளைகளைத் திரையே சொல்லும்: போர்ட்டை 2400 போட் வேகத்துக்கு அமைக்கும் மோட், பின்னர் சிடிடிவை (CTTY). இரண்டாவதைத் தட்டியதும் 386இன் கட்டுப்பாடு கேபிளுக்குப் போய்விடுவதால் அதன் விசைப்பலகை செத்ததுபோல் இருக்கும். பதறி அணைத்துவிடாதீர்கள், கோப்புகள் வந்துகொண்டிருக்கும்.

அடுத்து, டொஸ் தொடங்கும்போது படிக்கும் கொன்பிக் (CONFIG.SYS) கோப்பில், பென்டியத்தில், இன்டர்லிங்க் வரியைக் கடைசியில் சேருங்கள். முன்னால் போட்டால் மற்ற டிரைவ்களின் எழுத்துகள் மாறிவிடும். சீரியல் மவுஸ் இருந்தால், கேபிள் உள்ள போர்ட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். 386இல் இன்டர்சர்வரைத் தொடங்கும்போது சி டிரைவை மட்டும் கொடுத்தால் பழுதான ஏ டிரைவின் தொல்லை வராது.

இயல்பான வேகம் விநாடிக்கு 115200 பிட். ஒரு பைட்டுக்குப் பத்து பிட் செலவாவதால், 40 மெகாபைட்டை முழுதாக எடுக்க ஏறத்தாழ ஒரு மணி நேரமாவது பிடிக்கும். 386இன் பழைய சீரியல் சிப் அந்த வேகத்தில் தடுமாறினால் 38400க்கு இறக்குங்கள். நேரம் மும்மடங்காகும், ஆனால் கணக்குகள் சிதையாமல் வந்து சேரும். கோப்புகளை நகலெடுக்கும் எக்ஸ்கொப்பி கட்டளை இதன் வழியாக வேலை செய்யும். போர்மட், செக்டிஸ்க் போன்றவை செய்யா. கைதவறி வன்தட்டை அழிக்கும் ஆபத்து அந்த அளவுக்குக் குறைவு என்பதால் இதை நான் குறையாகக் கருதவில்லை.

எடுத்த கோப்புகளைப் பென்டியத்தில் திறந்து இரண்டொரு பருவக் கணக்குகளைச் சரிபார்க்கும் வரை 386ஐ அணைக்க வேண்டாம். அத்தனை பழைய வன்தட்டு அடுத்த முறை சுழலும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சரிபார்த்த பின் ஓல்ட்டும் எஃப்4உம் சேர்த்து அழுத்தினால் இன்டர்சர்வர் நின்றுவிடும்.