ஃப்ரிட்ஜ் விடியும்வரை ஓட எத்தனை பேட்டரி வேண்டும்?

கேள்வி: எங்கள் மோட்டார்ஹோமில் இருந்த கேஸ் ஃப்ரிட்ஜ் பழுதானதால் அதைக் கழற்றிவிட்டு, 260 லிட்டர் வீட்டு ஃப்ரிட்ஜ் ஒன்றை வைத்திருக்கிறோம். இரட்டைக் கதவு, ஃப்ராஸ்ட் ஃப்ரீ. 12 வோல்ட் 100 ஏ.எச். (ஆம்பியர் அவர்) லெட் ஆசிட் பேட்டரி இரண்டு, 1000 வாட் இன்வெர்ட்டர், கூரையில் 200 வாட் சோலார் பேனல் இருக்கின்றன. மின் இணைப்பு இல்லாத இடத்தில் தங்கும்போது, மாலையில் பேட்டரி ஃபுல் என்று சோலார் கன்ட்ரோலர் காட்டுகிறது. ஆனால் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு இன்வெர்ட்டர் அலறிவிட்டு நின்றுவிடுகிறது. இன்னும் எத்தனை பேட்டரி சேர்க்க வேண்டும்?

பதில்: இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். கணக்குப்படி உங்கள் இரண்டு பேட்டரியே ஓர் இரவைத் தாங்க வேண்டும். தாங்கவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் இன்னும் இரண்டு சேர்த்தால், சில மாதங்களில் அவையும் இதே கதிக்கு வரும்.

முதலில் ஃப்ரிட்ஜின் செலவு. அதில் ஒட்டியிருக்கும் ஆற்றல் லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று இருக்கும். அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் செலவு. 400 யூனிட் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 1.1 யூனிட். மூடிய வண்டியின் வெக்கையிலும், அடிக்கடி கதவு திறப்பதிலும் இது 1.4 வரை ஏறும். இன்வெர்ட்டரில் சுமார் 12 சதவீதம் வீணாகும் என்பதால் பேட்டரியிலிருந்து போவது 1.6. இதுபோக, கம்ப்ரசர் ஓடாத நேரத்திலும் இன்வெர்ட்டர் தன்னை உயிரோடு வைத்துக்கொள்ளவே 15 வாட் தின்னும். 24 மணி நேரத்துக்கு அது 0.36 யூனிட். ஆக மொத்தம் நாளுக்கு 2 யூனிட், அதாவது 2000 வாட் அவர். ஃப்ரிட்ஜின் உள்ளே தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியரை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். அது, உள்ளே படியும் பனியை உருக்கும் டீஃப்ராஸ்ட் ஹீட்டரையும் சேர்த்த உச்ச அளவு. நாள் செலவு அதில் தெரியாது. லேபிளையும் முழுதாக நம்ப வேண்டியதில்லை. ஒரு பிளக் வாட் மீட்டரை மாட்டி, வண்டியிலேயே 48 மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். இந்த வேலையில் செலவு குறைவாகவும் பயன் அதிகமாகவும் உள்ள கருவி அதுதான்.

2000 வாட் அவரை 12-ஆல் வகுத்தால் 167 ஏ.எச். இரவு பத்து முதல் காலை ஆறு வரையிலான எட்டு மணி நேரத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 55 ஏ.எச். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் உங்கள் 200 ஏ.எச்.-இல் எடுக்கக்கூடியது 100. அப்படியும் 45 மிச்சம் இருக்க வேண்டும். இருந்தும் மூன்று மணிக்கே நிற்கிறது.

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்றைப் பார்த்ததும் நிறுத்திவிடாமல் மூன்றையும் சோதியுங்கள். பெரும்பாலும் இவை கூட்டாகத்தான் வரும்.

மாலையில் காட்டும் அந்த 'ஃபுல்' முதல் சந்தேகம். 200 வாட் பேனல் கூரையில் படுத்தவாக்கில் இருந்தால், நல்ல வெயிலில் 4.5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான வெளிச்சம் கிடைத்தாலும், வெப்பம், தூசு, கோணம் எல்லாம் போக 70 சதவீதம்தான் கைக்கு வரும். 200 × 4.5 × 0.7 என்றால் 630 வாட் அவர். தேவை 2000. வரவு மூன்றில் ஒரு பங்குகூட இல்லாதபோது பேட்டரி எப்படி நிரம்பும்? விலை மலிவான கன்ட்ரோலர்கள் வோல்ட்டேஜை மட்டும் பார்த்து விளக்கை எரியவிடும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதும், ஏறி முடிந்த கொஞ்ச நேரத்துக்கும் 13 வோல்ட்டுக்கு மேல் தெரிவது மேல்பூச்சுதான். நிஜமாக நிரம்பிய லெட் ஆசிட் பேட்டரி, எந்தச் சுமையும் சார்ஜும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்வாக இருந்த பிறகு 12.7 வோல்ட்டுக்கு அருகில் நிற்கும். 12.2 என்றால் அது பாதிதான். ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டே இருக்கும் வண்டியில் பேட்டரிக்கு அந்த ஓய்வே கிடைக்காது என்பதால், வோல்ட்டேஜைப் பார்த்து முடிவு செய்வது வீண். நெகட்டிவ் கம்பியில் மின்னோட்டத்தை அளக்க உதவும் ஷன்ட் ஒன்றைப் போட்டு, உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் எண்ணும் பேட்டரி மானிட்டர் வையுங்கள். எல்லா நெகட்டிவ் வயர்களும் ஷன்ட்டைத் தாண்டித்தான் பேட்டரிக்குப் போக வேண்டும். ஒன்று நேராகப் போனாலும் கணக்கு பொய்.

ஒரு சுலபமான சோதனை: வீட்டு மின்சாரத்தில் முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டுக் கிளம்புங்கள். முதல் இரவு தாண்டி, இரண்டாவது மூன்றாவது இரவில் நின்றால் காரணம் வரவுப் பற்றாக்குறை. முதல் இரவிலேயே நின்றால் பேட்டரியோ வயரோதான்.

பேட்டரி இரண்டாவது சந்தேகம். அரைகுறைச் சார்ஜிலேயே நாள்கணக்கில் கிடக்கும் லெட் ஆசிட் பேட்டரியில் தகடுகள் மேல் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். 100 ஏ.எச். என்று ஸ்டிக்கர் சொன்னாலும் உள்ளே 50 தான் இருக்கும். முழுச் சார்ஜுக்குப் பிறகு இரண்டையும் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 60 வாட் 12 வோல்ட் பல்பு ஒன்றை எரியவிடுங்கள். அது 5 ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேரம் கழித்தும் பல்பு எரியும்போதே 11.8 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி பரவாயில்லை. ஐந்தாறு மணி நேரத்திலேயே அதற்குக் கீழே போனால் அதன் காலம் முடிந்தது. இரண்டில் ஒன்று மட்டும் மோசமாக இருந்தாலும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் பேரலலில் இருந்தால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

மூன்றாவது வயர். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. இன்வெர்ட்டர் நடுநிசியில் அலறும் வழக்குகளில் பெரும்பாலும் குற்றவாளி இதுதான். சாதாரணக் கம்ப்ரசர் ஓடும்போது 120 வாட்தான் எடுக்கும். கிளம்பும் அந்த அரை விநாடியில் 800, 1000 வாட் இழுக்கும். 12 வோல்ட் பக்கத்தில் அது சுமார் 90 ஆம்பியர். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே மூன்று மீட்டர் தூரம், 10 சதுர மி.மீ. வயர் என்றால், போக வர ஆறு மீட்டர். அதன் மின்தடை 11 மில்லி ஓம். 90 ஆம்பியர் போகும்போது வயரிலேயே ஒரு வோல்ட் காணாமல் போகும். பாதி இறங்கிய பேட்டரியும் அந்தச் சமயத்தில் தன் பங்குக்கு அரை வோல்ட் சரியும். பேட்டரியில் 12 வோல்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டர் வாயிலில் 10.5. பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் நிற்கும் அளவு அதுதான். ஏன் விடியற்காலையில்? மாலையில் பேட்டரி 12.6-இல் இருக்கும்போது இதே சரிவு நடந்தாலும் 11-க்குக் கீழே போகாது, தப்பித்துவிடும். நள்ளிரவுக்குப் பிறகு டீஃப்ராஸ்ட் ஹீட்டர் 300, 400 வாட்டில் இருபது நிமிடம் எரிந்து பேட்டரியைக் களைப்பாக்கிவிடும். ஹீட்டர் அணைந்ததும் கம்ப்ரசர் கிளம்பும். அந்த ஓர் உதையில் எல்லாம் முடிந்துவிடும்.

மல்டிமீட்டரை வைத்து, ஹீட்டர் எரியும்போதோ ஏதாவது 300, 400 வாட் சுமை ஓடும்போதோ பேட்டரி முனையில் ஒருமுறையும் இன்வெர்ட்டர் முனையில் ஒருமுறையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வயர் மெலிது, அல்லது வயர் முனையில் இருக்கும் லக் சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை, அதாவது இறுக அழுத்தப்படவில்லை. கை வைத்துப் பார்த்து எந்த லக் சுடுகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். 1000 வாட் இன்வெர்ட்டருக்கு 35 சதுர மி.மீ. செம்பு வயர், முடிந்தால் ஒன்றரை மீட்டருக்குள். பாசிட்டிவில், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 125 ஆம்பியர் ஃப்யூஸ். அதைத் தள்ளி இன்வெர்ட்டர் பக்கம் வைத்தால் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. லித்தியம் பேட்டரிக்கு மாறினால் கிளாஸ் T வகை ஃப்யூஸ்தான் போட வேண்டும். லித்தியம் பேட்டரி ஷார்ட்டில் தள்ளும் மின்னோட்டம், சாதாரண ஃப்யூஸ் உருகிய பிறகும் நடுவே பொறியாகத் தொடரக்கூடிய அளவுக்குப் பெரியது.

வயரும் பேட்டரியும் சரியான பிறகுதான் உங்கள் கேள்விக்கு வருகிறோம். எத்தனை பேட்டரி என்பதைவிட, தினமும் 2 யூனிட்டைத் திருப்பி எதிலிருந்து போடுவது என்பதுதான் முக்கியம். வெயிலிலிருந்து மட்டும் என்றால் 2000-ஐ 4.5-ஆலும் 0.7-ஆலும் வகுத்தால் 635 வாட். லெட் ஆசிட் பேட்டரி தனக்குள் ஏறும் சார்ஜில் ஆறில் ஒரு பங்கைத் தொலைத்துவிடும் என்பதால் அதற்கு 750 வாட் வைத்துக்கொள்ளுங்கள். இது ஃப்ரிட்ஜுக்கு மட்டும். மர நிழலில் வண்டியை நிறுத்தினால் இந்தக் கணக்கே கிடையாது.

ஓட்டும் நேரத்தில் சார்ஜ் செய்வது நல்ல வழி, ஆனால் ஒரு ரிலேயும் நீளமான மெல்லிய வயரும் போதாது. என்ஜின் பக்கத்து மின்சாரத்தை அளவாக எடுத்து பேட்டரிக்கு ஏற்றும் 40 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் போட்டால் நான்கு மணி நேர ஓட்டத்தில் சுமார் 2 யூனிட் ஏறும். லித்தியம் வைத்தால் இந்தச் சார்ஜர் கட்டாயம். இல்லையென்றால் லித்தியம் பேட்டரி, என்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து கிடைப்பதையெல்லாம் உறிஞ்சும். என்ஜின் ஐட்லிங்கில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடும்.

ஜெனரேட்டர் இருந்தால் காலையில் ஓட்டுங்கள், மாலையில் வேண்டாம். லெட் ஆசிட் 80 சதவீதம்வரை மளமளவென்று ஏறும். மீதி 20-க்கு 14.4 முதல் 14.8 வோல்ட்டில் நான்கைந்து மணி நேரம் கெஞ்ச வேண்டும். பேட்டரி காலி வயிற்றோடு இருக்கும் காலையில் ஜெனரேட்டர் ஒன்றிரண்டு மணி நேரம் ஊட்டினால், அந்த நீண்ட கடைசிப் பகுதியைச் சோலார் பகல் முழுக்கச் செய்யும். வண்டியோடு வந்த பழைய கன்வெர்ட்டர் (வெளி மின்சாரத்திலிருந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) 13.6 வோல்ட்டுக்கு மேல் போகாத வகை என்றால் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் பேட்டரி நிறையாது. அதை முதலில் மாற்றுங்கள்.

வெயிலே இல்லாத ஒரு முழு நாளையும் தாங்க வேண்டுமென்றால், லெட் ஆசிட்டில் குறைந்தது 335 ஏ.எச். இதற்குக் கோல்ஃப் வண்டிக்கான 6 வோல்ட் 225 ஏ.எச். பேட்டரி நான்கு சரியாக வரும். இரண்டிரண்டாகச் சீரீஸில் கோத்து, அந்த ஜோடிகளைப் பேரலலில் இணைத்தால் 450 ஏ.எச். எடை மட்டும் 110 கிலோவைத் தாண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 12.8 வோல்ட் 200 ஏ.எச். ஒன்றே போதும், 2.56 யூனிட்டில் 90 சதவீதத்தைத் தாராளமாக எடுக்கலாம், எடை 25 கிலோவுக்கு அருகில். ஃப்ரிட்ஜ் வைத்த வண்டிக்கு லித்தியம்தான் என் பரிந்துரை. பாதிச் சார்ஜில் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, இறங்கும்போதும் வோல்ட்டேஜ் சரியாது. உங்கள் இரு பிரச்சினைகளும் அதிலேயே அடிபடுகின்றன. வாங்கும்போது உள்ளிருந்து பேட்டரியைக் காக்கும் பி.எம்.எஸ். போர்டு எத்தனை ஆம்பியருக்கானது என்று கேளுங்கள். 1000 வாட் இன்வெர்ட்டருக்கு 150 இருந்தால் நிம்மதி. சார்ஜரில் 14.2–14.4 வோல்ட் வைத்து, லெட் ஆசிட்டுக்காக வோல்ட்டேஜை உயர்த்திச் சார்ஜ் செய்யும் ஈக்வலைஸ் வசதியை அணைத்துவிடுங்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது. பழைய லெட் ஆசிட்டோடு அதைப் பேரலலில் சேர்க்கவும் கூடாது.

இன்வெர்ட்டரில் கவனிக்க வேண்டியவை சில. வீட்டு மின்சாரம் போன்ற சீரான அலையைத் தரும் ப்யூர் சைன் வேவ் வகை கட்டாயம்; மாடிஃபைடு வகையில் கம்ப்ரசர் சூடாகும், எலக்ட்ரானிக் போர்டு கெடும். மின்சாரம் மிச்சமாகும் என்று நினைத்து, சுமை இல்லாதபோது இன்வெர்ட்டரைத் தூங்கவிடும் 'சர்ச் மோடு' போடாதீர்கள். ஃப்ரிட்ஜ் போர்டு எடுக்கும் சில வாட்டை அது சுமையாகவே மதிக்காமல், மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும். ஜெனரேட்டரோ வெளி மின்சாரமோ வரும் லைனும் இன்வெர்ட்டர் லைனும் ஒருபோதும் நேராகச் சந்திக்கக் கூடாது. நடுவில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இணைக்கும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் இருக்க வேண்டும். இந்த இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். திறந்த வகை லெட் ஆசிட் பேட்டரி இருக்கும் பெட்டிக்குள் இன்வெர்ட்டரை வைக்க வேண்டாம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், இன்வெர்ட்டரில் பொறி வரும்.

செலவைக் குறைப்பது பேட்டரி சேர்ப்பதைவிட மலிவு. கேஸ் ஃப்ரிட்ஜ் இருந்த பொந்தில் வீட்டு ஃப்ரிட்ஜைத் திணித்திருந்தால் பக்கவாட்டுச் சுவர்கள் வழியாக வெப்பம் வெளியேற இடமிருக்காது. கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். உற்பத்தியாளர் சொன்ன இடைவெளியை விட்டு, தேங்கும் சூட்டை மேலே ஒரு 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேனால் வெளியேற்றுங்கள். ஃப்ரிட்ஜின் தட்பவெப்ப வகுப்பையும் பாருங்கள்: N என்றால் வெளி வெப்பம் 32 டிகிரி வரை, ST என்றால் 38, T என்றால் 43. வெயில் நேரத்தில் சோலார் உபரியாக வரும்போது ஒரு டிகிரி குளிர்ச்சியாக வைத்து, ஃப்ரீஸரின் காலி இடத்தைத் தண்ணீர் பாட்டில்களால் நிரப்பி உறையவிட்டால் இரவில் கம்ப்ரசர் குறைவாக ஓடும். ஐஸ் மேக்கர், கதவு ஓர ஹீட்டர் ஆகியவற்றை அணைக்க முடிந்தால் அணையுங்கள். வண்டி ஓடும்போது கதவு திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு தாழ்ப்பாளும் வேண்டும். குலுக்கலில் கதவு விரல்கடை அளவு திறந்து நின்றால் எந்தக் கணக்கும் நிற்காது.

இதெல்லாம் முடியும்வரை இரவில் இன்வெர்ட்டர் நின்றுவிட்டால் உடனே மறுபடி மறுபடி ஆன் செய்யாதீர்கள். ஓடி நின்ற கம்ப்ரசரில் அழுத்தம் சமமாக ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் உதைத்தால் அது கிளம்பாமல் திணறும், பேட்டரி இன்னும் இறங்கும். ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருந்தால் உள்ளே உள்ளவை நான்கு மணி நேரம் வரை தாங்கும். நிறைந்த ஃப்ரீஸர் இரண்டு நாள் வரைகூடத் தாக்குப்பிடிக்கும். நான்கு மணிக்கு நின்றது என்றால் அப்படியே விட்டுவிட்டு, காலை எட்டுக்குள் என்ஜினையோ ஜெனரேட்டரையோ போட்டுக்கொள்ளலாம்.